காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஏன் கேள்வி கேட்க மறந்துபோகிறோம்?

தப்பு என்று தெரிந்தும் மேலே இருப்பவர் சொன்னால் ஏன் செய்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் காசிமேட்டில், விடியற்காலை. காக்கி போட்ட ஒருவர் விசில் ஊதி, "கூடையை எடு" என்றார். மீன் விற்கிற அக்கா ஐஸ் தண்ணி சொட்டச் சொட்டக் கூடையைத் தூக்கினார். நானும் ஒரு கை பிடித்தேன். காக்கி போட்டவர் பக்கத்து குடோன் வாட்ச்மேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இதைத்தான் சோதித்தார். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொன்னால், சோதனை நடத்துபவர் சொல்கிறபடி ஷாக் கொடுக்க வேண்டும். ஷாக் பொய், ஆனால் பட்டனை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். கல்நெஞ்சக்காரர்கள் இல்லை; வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் அழுத்தினார்கள். பொறுப்பு கட்டளையிட்டவருடையது என்று மனசு ஒப்படைத்துவிடுகிறது என்பது மில்கிராமின் விளக்கம். 15, 30, 45 வோல்ட் என்று சிறுகச் சிறுக ஏறியதும் ஒரு காரணம் என்பேன்.

இன்னொரு சோதனையில் கூட இருந்த இருவர் (மில்கிராமின் ஆட்கள்) முடியாது என்று எழுந்துவிட்டார்கள். அப்போது 40-ல் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். "இருங்கக்கா, யாருன்னு கேப்போம்" என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், அக்கா கூடையைக் கீழே வைத்திருப்பார்.