முதலில் மதிப்பீடு, பிறகு கருவி: சிறப்பாசிரியர்களும் பிறரும் கேட்டவை

பார்வைக் குறைபாடும் பார்வையின்மையும் உள்ளவர்களின் படிப்பு, கருவிகள் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வடஆர்க்காட்டு எல்லைக்குள்ளிருந்தே வந்துள்ளன. 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பிறகு எந்த அலுவலகத்தை அணுகுவது என்ற ஐயம் சிலருக்கு இன்னும் தீரவில்லை. மாணவரின் தற்போதைய முகவரி எந்த மாவட்டத்தில் உள்ளதோ, அந்த மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமே அவருக்குரியது என்று சொல்லி அதை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியில் 4ஆம் வகுப்பு படிக்கும் சிறுமி புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்துப் படிக்கிறாள். எந்த உருப்பெருக்கி வாங்கலாம்? — ஆசிரியை, குடியாத்தம்

பார்வைக்கூர்மை எவ்வளவு, பார்வைப்புலம் (நேராகப் பார்க்கும்போது தெரியும் பரப்பு) எவ்வளவு, எந்த அளவு எழுத்தை எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் படிக்கிறாள் என்ற மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. கால் அளவைச் சொல்லாமல் ஆம்பூருக்கு ஆளனுப்பிச் செருப்பு வாங்கிவரச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் கூர்மை 6/18-க்கும் (இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்பது) 3/60-க்கும் இடையில் இருந்தால் அது குறைபார்வை. அந்த இரண்டு முனைகளிலும் நிற்கும் குழந்தைகளுக்கு ஒரே கருவி ஒருநாளும் பொருந்தாது. அடையாள அட்டையில் உள்ள விழுக்காடு உதவித்தொகைக்குப் பயன்படும். கருவி தேர்வதற்குப் பயன்படாது.

ஒட்டி வைத்துப் படிப்பதால் கண் கெட்டுவிடும் என்று சொல்லிப் புத்தகத்தைத் தட்டி விலக்கியிருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன். கண் கெடாது. 40 சென்டிமீட்டரில் இருந்த எழுத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் அதன் உருவம் ஏறத்தாழ 4 மடங்கு பெரிதாகிறது. காசு செலவில்லாத உருப்பெருக்கியை அந்தச் சிறுமி தானே கண்டுபிடித்துக்கொண்டாள். கழுத்து வலிக்காமல் இருக்கச் சாய்வுப் பலகை ஒன்றும், தடித்த கோடிட்ட நோட்டும், கறுப்பு மார்க்கர் பேனாவும், பின்புறமிருந்து வெளிச்சம் விழும் இருக்கையும் கொடுங்கள். உருப்பெருக்கியைப் பிறகு பார்க்கலாம். வில்லையின் திறனைக் குறிக்கும் அதன் டயாப்டர் எண்ணை 4-ஆல் வகுத்தால் கிடைப்பதே ஏறத்தாழ அதன் பெருக்கம். பெருக்கம் கூடக்கூட ஒரே நேரத்தில் தெரியும் எழுத்துகள் குறையும் என்பதால், பெரிய எண்ணே நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. முதலில் மதிப்பீடு, பிறகு கருவி.

எனக்கு ஆங்கிலப் பிரெய்ல் தெரியும். தமிழ்ப் பிரெய்லை எங்கிருந்து தொடங்குவது? — சிறப்பாசிரியர், ஆம்பூர்

புள்ளியிலிருந்து தொடங்குங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறையில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். ஆறு புள்ளிகள் கொண்ட பிரெய்ல் கட்டத்தின் 4ஆம் புள்ளியை முதலில் இட்டு, அதன் பின் எழுத்தை இட வேண்டும். அகர உயிர்மெய்க்குத் தனிக்குறி வேண்டியதில்லை. மற்ற உயிர்மெய்களில் உயிரெழுத்து தனிக் கட்டமாகப் பின்னால் வரும். எனவே 'அம்மா' என்பது அகரம், 4ஆம் புள்ளி, மகரம், மீண்டும் மகரம், ஆகாரம் என 5 கட்டங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நின்று குழந்தையைக் குழப்பும் தொல்லை இங்கே கிடையாது. 'கொ' என்பது ககரமும் ஒகரமும்தான்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ணகரமும் எண் குறியும் ஒரே கட்டம்: 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள். இதைக் கண்டு மிரள வேண்டாம். எண் குறி எண்ணின் தொடக்கத்தில் வரும். தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்குவதில்லை. இலக்கணம் வகுத்தவர்கள் நமக்காக இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள்.

முட்டுக்காட்டுக்கு இரண்டு முறை எழுதியும் பிரெய்ல் பாடநூல் வரவில்லை. — தலைமையாசிரியர், ராணிப்பேட்டை

வராது. முட்டுக்காட்டில் இருப்பது பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். பார்வைக்குரிய தேசிய நிறுவனத்தின் தலைமையிடம் டேராடூன். அதன் மண்டல மையமும் பிரெய்ல் அச்சகமும் பூந்தமல்லியில் உள்ளன. இரண்டின் பெயர்ச்சுருக்கத்திலும் (NIEPMD, NIEPVD) ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பது உண்மையே, ஆனால் உறையின்மேல் முகவரி எழுதுபவர் அந்த ஓர் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் முழுப் பார்வையின்மை உள்ள மாணவர் ஒருவர் இருக்கிறார். பாடக்குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவருடைய கைபேசி படிக்க மறுக்கிறது. எந்தக் கைபேசி வாங்கச் சொல்லலாம்? — கல்லூரிப் பேராசிரியர், திருப்பத்தூர்

கைபேசியை மாற்ற வேண்டாம், ஐயா. நீங்கள் கோப்பை மாற்றுங்கள். இந்தக் கேள்வியை வெவ்வேறு சொற்களில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், ஒவ்வொரு முறையும் பழி மாணவரின் கருவி மீதே விழுகிறது.

உங்கள் கோப்பு இரண்டில் ஒரு வகையாக இருக்கும். ஒன்று, அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்தது. அது வெறும் படம். அதில் எழுத்தே இல்லாதபோது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் எதைப் படிக்கும்? மற்றொன்று, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த சொல் உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் வரிசை மட்டுமே. மாணவர் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் அவர் காதில் விழுவது "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்". நாற்பது பக்கக் குறிப்பை இப்படி ஒருவர் கேட்டுப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். 2010-இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் வினாத்தாள்கள் பாமினியில் பிறக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆவணங்கள் அனைத்தும் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். அதைக் கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, சற்றே சாய்வாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். பார்வையற்ற சக ஆசிரியர் ஒருவர் தம் கணினியில் அதைத் திறந்தார். வெற்று ஆவணம் என்று கணினி அறிவித்தது. "நல்ல சுற்றறிக்கைதான் சார், நீங்களே படித்துச் சொல்லிவிடுங்கள்" என்றார் அவர். நான் படித்துச் சொன்னேன். முழுவதும் படித்து முடிக்கும்வரை இருவரும் சிரிக்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இனி தட்டச்சு செய்வதை ஒருங்குறியிலேயே செய்யுங்கள். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றிகளில் இட்டு மாற்றலாம்; இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் அந்த மென்பொருள் சிதைத்துவிடும் என்பதால் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். ஒருங்குறியில் அடித்திருந்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறுவது உண்டு. ஆகவே வேர்டு கோப்பையே அனுப்புங்கள். தலைப்புகளுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் போதாது, வேர்டிலுள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் மாணவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள், அது இலவசம். திரையை அணைத்துவிட்டு, உங்கள் குறிப்பை 5 நிமிடம் நீங்களே கேளுங்கள்.

அச்சு நூலைப் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளியின் படிப்புக்காக அவ்வாறு செய்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கவும் பகிரவும் வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் நம்முடையதே. அதற்கு முன், வேண்டிய நூல் 2016-இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரே நூலை நான்கு ஊர்களில் நான்கு பேர் தட்டச்சு செய்துகொண்டிருப்பது வீண் உழைப்பு.

மூன்று மாத இணையவழிச் சான்றிதழுடன் சிறப்பாசிரியராகப் பணியாற்றலாமா? — பட்டதாரி, வேலூர்

கூடாது. இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற படிப்பும், அதன் மையப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். பதிவின்றிப் பணியாற்றுவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை எப்போது? — செவிலியர், வாணியம்பாடி

34 வாரங்களுக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு 2 முதல் 3 வாரங்களுக்குள்ளேயே. கண் வெளிப்பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். அதை நம்பக் கூடாது. தாய் வீட்டுக்குச் சென்ற பிறகு வரச் சொல்லலாம் என்று தள்ளிவைக்காமல், மருத்துவமனையை விட்டுச் செல்லும் சீட்டிலேயே தேதியை எழுதிக் கொடுங்கள்.

பொதுத்தேர்வுக்கு இன்னும் 9 நாள்களே உள்ளன. சொல்வதை எழுதுபவரை நியமிக்க என்ன விதி? — ஆசிரியர், அரக்கோணம்

9 நாள்கள் இருக்கும்போது கேட்கும் கேள்வியா இது? விண்ணப்பம் பெயர்ப்பட்டியலோடு சென்றிருக்க வேண்டும். உடனே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் நில்லுங்கள். மத்திய அரசின் நெறிமுறைகளின்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. 3 மணி நேரத் தேர்வுக்கு இது 1 மணி நேரம். 40 விழுக்காடு குறைபாடு இல்லாதவருக்குச் சொல்வதை எழுதுபவர் கிடையாது என்று யாரேனும் மறுத்தால், 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்பதை நினைவூட்டுங்கள்.

விதியைவிட முக்கியமானது பயிற்சி. விடையைச் சொல்வதும் ஒரு கலை: பத்தி எங்கே முடிகிறது, எந்தச் சொல்லை அடிக்கோடிட வேண்டும், வல்லினம் எங்கே மிகும் என்பவற்றை மாணவர் வாய்விட்டுச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். மீதமுள்ள நாள்களில் மூன்று மாதிரித் தேர்வுகளையாவது நடத்துங்கள்.

எங்கள் சங்கத்தின் சார்பில் 20 வெண்கோல்களை ஒரே அளவில் வாங்கி வழங்க விரும்புகிறோம். — சங்கச் செயலர், வேலூர்

நல்ல எண்ணம், தவறான வழி. நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரை உள்ள உயரமே கோலின் குறைந்த நீளம். 20 பேருக்கும் ஒரே உயரம் இருக்க வாய்ப்பில்லை. வளரும் குழந்தைக்கு ஆண்டுதோறும் அளவு மாறும். டெல்லி ஐஐடி உருவாக்கிய மீயொலிக் கோல் முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளை அதிர்வால் உணர்த்தும். மூடியில்லாத கால்வாயைக் கண்டுபிடிப்பது இன்றும் கோலின் நுனிதான். நடமாட்டப் பயிற்சி இல்லாமல் கொடுத்த கோல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்படும். புகைப்படத்துக்கு முன் அளவெடுங்கள். முதலில் மதிப்பீடு, பிறகு கருவி.

காட்பாடி நிலையத்தில் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பார்வையற்ற பயணிகளுக்கு உதவ விரும்புகிறார்கள். — பேராசிரியை, காட்பாடி

கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கோலைத் தொடக் கூடாது. உதவி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். வேண்டுமென்றால் அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடப்பார். படிக்கட்டில் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். "அங்கே இருக்கிறது" என்பதற்கு அவரிடம் பொருளில்லை. "உங்கள் வலப்பக்கம் இரண்டடியில்" என்பதற்கு உண்டு.

பாலாற்றின் வரைபடத்தைத் தொட்டுணரும் வகையில் குறைந்த செலவில் செய்வது எப்படி? — ஆசிரியை, வாலாஜாபேட்டை

இந்த மாதத்தின் ஒரே நல்ல கேள்வி. தையற்காரர்கள் துணியில் அடையாளமிடும் பற்சக்கரம் ஒன்றும், ரப்பர் விரிப்பு ஒன்றும் போதும். தடித்த தாளை விரிப்பின்மேல் வைத்துப் பின்பக்கத்தில் சக்கரத்தை உருட்டினால் முன்பக்கத்தில் புள்ளிக்கோடு எழும். பின்னாலிருந்து வரைவதால் இடம் வலமாகும் என்பதை மறக்காதீர்கள். அதை எல்லைக்கோட்டுக்கு வைத்துக்கொண்டு, ஆற்றுக்குச் சணல் நூலைப் பசையில் ஒட்டுங்கள். கடலுக்கு ரவையைத் தூவலாம். நந்தி மலையில் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியாக வயலூர் அருகே கடலில் சேரும்வரை, விரல் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகட்டும். நான் முதன்முதலில் செய்த வரைபடத்தில் துணையாறு, ரயில்பாதை, நெடுஞ்சாலை எல்லாவற்றையும் திணித்திருந்தேன்; அதைத் தடவிப் பார்த்த சிறுவன், "சார், இது இடியாப்பமா?" என்றான். ஒரு தாளில் நான்கு விதத் தொடுபரப்புக்கு மேல் வேண்டாம். ஊர்ப் பெயர்களை முழுமையாக எழுத இடமிராது. ஓரெழுத்து பிரெய்லும், தனித்தாளில் அதற்கான விளக்கமும் போதும். முடித்ததும் மேல் வலது மூலையைச் சிறிது வெட்டிவிடுங்கள். தாளை எப்படிப் பிடிப்பது என்று குழந்தை யாரையும் கேட்க வேண்டியிராது.