சிக்னல் பார்க்குமா வழிகாட்டி நாய்?

கேள்வி: பார்வையற்ற என் தம்பிக்கு ஒரு லாப்ரடார் குட்டி வாங்கித் தரலாமா? சிக்னல் பார்த்து அதுவே ரோட்டைக் கடத்திவிடும் என்கிறார்களே?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். சிவப்பு, பச்சையைப் பிரித்துப் பார்க்கும் கண் நாய்க்குக் கிடையாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு 'போ' என்று சொல்ல வேண்டியது தம்பிதான். சொன்ன பிறகும் குறுக்கே ஒரு பைக் சீறி வந்தால் நாய் அசையாமல் நின்றுவிடும், ஏனென்றால் அந்த மாதிரி நேரத்தில் பேச்சை மீறவும் அதற்குப் பழக்கியிருப்பார்கள். படி, பள்ளம் வந்தாலும் நிற்கும், அவர் காலால் தடவிப் பார்த்துவிட்டு நடக்கலாம். ஆனால் போகிற வழி அவர் மனதில் இருக்க வேண்டும், அதனால் முதலில் வெள்ளைக்கோல் பயிற்சிதான்.

இந்தியாவில் முறையாகப் பழக்கிய வழிகாட்டி நாய் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் சென்னையில் தெருநாய்கள் சும்மா விடுமா? மே மாத மத்தியான தார் ரோடு வேறு. புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. அப்புறம், சேணம் பூட்டி வேலையில் இருக்கிற நாய்க்கு யாரும் பிஸ்கட் போடக் கூடாது. டீக்கடைப் பக்கம் இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை!