லேசிக் முடிந்து பத்து நாள், கடலில் குளிக்கலாமா?

கேள்வி: மைனஸ் நாலரை பவர் இருந்தது. கண்ணாடியைக் கழற்ற லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்து 10 நாள் ஆகிறது. பகலில் பார்வை பளிச். ஆனால் ராத்திரி பைக்கில் வரும்போது எதிர் லைட்டைச் சுற்றி வளையம், காலையில் எழுந்தால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். கடலில் எப்போது இறங்கலாம்?
– வாசகர், குளச்சல்

பதில்: கடலா? பொறுங்கள் தம்பி. லேசிக்கில் கருவிழியின் மேல் மெல்லிய மூடி மாதிரி ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் லேசர் அடித்துவிட்டு, தையல் இல்லாமல் அப்படியே மூடிவிடுகிறார்கள், அதனால்தான் கண்ணைக் கசக்காதே என்று அத்தனை தடவை சொல்கிறார்கள். கடலோ குளமோ, பொதுவாக 2 முதல் 4 வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள், உங்கள் டாக்டர் சரி என்ற பிறகு போங்கள்.

உறுத்தல் பெரும்பாலும் வறட்சிதான். அந்த வெட்டில் நுண்ணிய நரம்புகளும் அறுபடும், கண்ணீர் சுரப்பு குறையும், சீராகச் சில மாதம் ஆகலாம். சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். காற்று பலமாக அடிக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் பைக்கில் போனால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி கட்டாயம் (எனக்கு லேசிக் ஆனபோது, கண்ணாடியைக் கழற்றத்தானே லேசிக் என்று என் வீட்டில் சிரித்தார்கள், ராத்திரி கண்ணைக் காக்கும் மூடியான ஷீல்டைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியபோது இன்னும் சிரித்தார்கள்).

வளையமும் பலருக்குப் போகப்போகக் குறையும், அதுவரை ராத்திரி வண்டியைத் தம்பியிடமோ நண்பரிடமோ கொடுங்கள். வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.