சார்மிங்கா, ஃபேசினேட்டிங்கா? லீட்ஸ்ல இருக்குற ராயபுரம் தம்பிக்கு

தம்பி, நீ எழுதினதைப் படிச்சேன். முதியோர் இல்லத்துல ஒரு பாட்டி பேசிட்டிருக்கும்போது போன் அடிக்குதுன்னு நீ பாட்டுக்கு எழுந்து போயிட்ட. அவங்க "ஓ, சார்மிங்!"னு சொல்ல, நீ "தேங்க் யூ" சொல்ல, பக்கத்துல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அகராதியைப் புரட்டினா சார்மிங், ஃபேசினேட்டிங், என்சான்ட்டிங், கேப்டிவேட்டிங் எல்லாத்துக்கும் 'மனதைக் கவரும்'னுதான் போட்டிருக்கு, எதை எங்க சொல்றதுன்னு கேட்டிருக்க. அதோட, வேலையை விட்டுப் போற மேனேஜர் அம்மாவுக்குக் கார்டுல என்ன எழுதலாம்னும் கேட்டிருக்க. நானும் ராயபுரம்தான், இங்க வந்து பல வருஷம் ஆச்சு. நம்ம ஏரியாவை வச்சே சொல்றேன், சட்டுனு பிடிபடும்.

காசிமேட்டுல விடியக்காலை ஏலத்தை நினைச்சுக்கோ. கூடை கூடையா இறங்குற வஞ்சிரம், சங்கரா, ஐஸ் தண்ணி ஓடுற தரை, கவுச்சி, கூச்சல். உன்கூட வேலை பாக்குற வெள்ளைக்காரரை அங்க கூட்டிட்டுப் போனா ஃபேசினேட்டிங்னு சொல்வாரு, சார்மிங்னு சொல்ல மாட்டாரு. மூக்கைப் பொத்திட்டுதான் நிப்பாரு, ஆனா கண்ணை எடுக்க மாட்டாரு. விலை எப்படி ஏறுது, யாருக்கு எது போகுதுன்னு தெரிஞ்சுக்க மனசு குடையும். அந்தக் குடைச்சல்தான் ஃபேசினேட்டிங். பிடிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல. சிலந்தியைப் பாத்துப் பயப்படுறவங்ககூட அது வலை பின்னுறதை ஃபேசினேட்டிங்னு சொல்வாங்க.

சார்மிங்குக்கு இதம் வேணும். நம்ம ராயபுரம் ஸ்டேஷன் முகப்புல வரிசையா நிக்குதே தூணுங்க, அந்தப் பழைய கட்டடத்தைப் பாத்தா சார்மிங்னு சொல்லலாம். 1856 ஜூலை 1ம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சுன்ற வரலாறு ஃபேசினேட்டிங். இங்க வாடகை விளம்பரத்துல சார்மிங்னு போட்டிருந்தா பெரும்பாலும் வீடு சின்னது, பழசு. குளிருக்கு ஹீட்டர் ஒழுங்கா இருக்கான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கொடு.

இந்தச் சொல்லுங்க பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சார்ம்ன்றது லத்தீன்ல பாட்டு, மந்திரம்னு அர்த்தம் வர்ற கார்மென்ல இருந்து வந்தது. நம்ம 'சொக்குப்பொடி போட்டுட்டான்'னு சொல்றதுக்கு நெருங்கின சொந்தம். அதனாலதான் ஒருத்தரை 'சார்மர்'னு சொன்னா பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. ஃபேசினேட் கண்ணேறு சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்து ரோமாபுரியில பிள்ளைங்களுக்குத் திருஷ்டி படாம இருக்க ஃபேசினம்னு ஒரு தாயத்து கட்டினாங்க. நம்ம வீட்டுல குழந்தை கன்னத்துல மைப்பொட்டு வச்சு, வாசல்ல பூசணிக்காய் கட்டுற அதே பயம். நாளாக நாளாகப் பயம் போயி, வச்ச கண்ணு வாங்காமப் பாக்குறது மட்டும் அந்தச் சொல்லுல தங்கிடுச்சு.

என்சான்ட்டிங் கனவு மாதிரி இருக்குற இடத்துக்கு, பொழுதுக்கு. பேச்சுல ரொம்ப வராது. கேப்டிவேட்டிங் ஆளைக் கட்டிப்போடுறது. நல்ல கானா பாட்டுக்காரர் பாட ஆரம்பிச்சதும் தெருவே நின்னு கேக்குமே, அது. கிளாமரஸ்னு யாராவது சொன்னா மட்டும் நம்ம சினிமா அர்த்தத்துல எடுத்துக்காத. நாம கிளாமர்னா உடனே அரைகுறை உடுப்பை நினைப்போம். இங்க உடம்பு முழுக்க மூடின புடவை கட்டிட்டுப் போனாலும், எடுப்பா இருக்கன்றதுக்கு அந்தச் சொல்லைத்தான் சொல்வாங்க. உன் சம்சாரத்தை யாராவது அப்படிச் சொன்னா அது மரியாதையான பாராட்டு.

இப்போ பாட்டி விஷயம். ஒருத்தரோட நடத்தைக்குப் பதிலா, குரலைக் கொஞ்சம் இழுத்து 'சார்மிங்'னு மட்டும் சொன்னா, "நல்லா இருக்குப்பா உன் மரியாதை!"னு அர்த்தம். பெரிய கோபமில்ல, ஆனா மனசு சுருக்குனு ஆயிருக்கு. நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் பக்கத்துல உக்காந்து ஸாரி சொல்லு, அன்னைக்குப் பாதியில விட்ட கதையைக் கேளு. கேட்டு முடிச்சதும் "தட் வாஸ் ஃபேசினேட்டிங்"னு சொல்லு. அந்தச் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

மேனேஜர் அம்மா கார்டுல 'யூ ஆர் எ ஃபேசினேட்டிங் லேடி'ன்னு எழுதிடாத. வேலை இடத்துல ஒரு பொம்பளையைப் பாத்து அப்படிச் சொன்னா வேற மாதிரி கேக்கும். 'அட்ராக்டிவ்' அதைவிட மோசம். சார்மிங்கும் அவங்க சிரிப்பையும் பேச்சையும் மட்டும்தான் சொல்லும், அவங்க உனக்குச் செஞ்சதைச் சொல்லாது. வந்த புதுசுல ஷிப்ட் மாத்திக் கொடுத்தாங்கன்னு எழுதியிருந்தியே, அதைச் சொல்லி, 'யூ வேர் ஸோ கைண்ட் டு மீ'ன்னு எழுது. கீழ உன் பேரைத் தமிழ்லயும் ஒரு தடவை போடு.