விக்ராந்த் உடைபட்டது, குர்சுரா நிலைத்தது ஏன்?

நம் சேலம் இரும்பாலையில் உருட்டப்படும் துருப்பிடிக்காத எஃகால் கட்டியிருந்தால், இந்தியக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் பிழைத்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடல்நீரிலுள்ள குளோரைடு, பாத்திரங்களுக்குப் பயன்படும் அவ்வகை எஃகிலும் ஊசித்துளை போன்ற குழிகளை உண்டாக்கிவிடும் என்பதால், உலோகத்தை விடக் கப்பலை எங்கே நிறுத்துகிறோம் என்பதே முக்கியம்.

1997இல் ஓய்வுபெற்ற விக்ராந்த், மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்து, பாதுகாப்புக் காரணங்களால் 2012இல் மூடப்பட்டு, 2014இல் உடைக்கப்படலாயிற்று. 2001இல் ஓய்வுபெற்ற குர்சுரா நீர்மூழ்கியோ விசாகப்பட்டினக் கடற்கரையில் கரையேற்றப்பட்டு, 2002இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

உப்புநீரும் காற்றும் மாறிமாறிப் படும் நீர்மட்டத்தை ஒட்டியே அரிப்பு வேகமாகப் பரவும். கரையேறிய கப்பலிலோ துருவைச் சுரண்டி, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து, மெலிந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைக்கலாம். மிதக்கும் கப்பலின் அடிப்புறத்துக்கு இதைச் செய்யப் பெரும்பாலும் உலர்துறை (நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) தேவைப்படும். பராமரிப்புக்கு நிலையான நிதி இல்லையெனில் கரையேற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.