ஓக்ரகோக் தீவில் நான்கு நாள்: பொழுதை எப்படிக் கழிப்பது?

கேள்வி: வட கரோலினாவின் ராலே நகரில் வசிக்கிறோம். ஜூன் இறுதியில் ஓக்ரகோக் தீவில் நான்கு நாளுக்கு வீடு எடுத்திருக்கிறோம். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாரும் உடன் வருகிறார்கள். அங்கே பெரிய கடைகளோ கேளிக்கைப் பூங்காவோ கிடையாதாம். எல்லோருக்கும் பொழுது போகுமா?

பதில்: போகும். ஆனால் இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் இரண்டாம் நாளே சலித்துவிடும். வெயிலையும் காற்றையும் பார்த்துத் திட்டமிடுங்கள். ஓக்ரகோக், கண்டக்கரைக்கு வெளியே மணலால் உருவாகி நிற்கும் தடுப்புத் தீவுகளில் ஒன்று. ஏறத்தாழ 16 மைல் நீளமுள்ள இத்தீவின் தென்முனையில் ஒரே ஒரு கிராமம் உண்டு. எஞ்சிய பகுதி கேப் ஹட்டெராஸ் தேசியக் கடற்கரையைச் சேர்ந்தது என்பதால், அங்கே விடுதியோ கடையோ எழும்பவில்லை. தென்கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல், வடமேற்கே பாம்லிகோ சவுண்ட் எனப்படும் ஆழமற்ற பரந்த காயல் என இரு வேறு நீர்நிலைகள் சிறிது தொலைவிலேயே கிடைப்பதுதான் இத்தீவின் பெரிய வசதி.

பெருங்கடல் பக்கத்தைக் காலை வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் இறுதியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். அலை வற்றியிருக்கும் நேரத்தை முன்னதாகப் பார்த்து, மனித நடமாட்டம் குறைந்த பகுதிக்குச் சென்றால் நல்ல கிளிஞ்சல்கள் கிடைக்கும். மாநிலத்தின் அதிகாரபூர்வச் சங்காக 1965-இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்காட்ச் பானெட்' கிடைப்பது அரிது என்பதால், அதைத் தேடுவதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும். உள்ளே உயிர் இருக்கும் சங்கை மட்டும் எடுக்கக் கூடாது. மணல்மேடுகளின் மீதும் ஏறாதீர்கள். அங்கு வளரும் புல்லின் வேர்களே மணலைப் பிடித்து நிறுத்துகின்றன.

நீந்துவதைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அலை அழகாகத் தெரியும் நாளிலும், கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் இக்கடற்கரையில் உருவாகக்கூடும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதே ஆபத்து. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். கோடைப் பகல்களில் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் கடற்கரை கிராமத்துக்கு அருகிலேயே இருப்பதால், பிள்ளைகள் கடலில் இறங்குவதை அங்கு மட்டும் அனுமதியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் அன்று கடலை விட்டுவிட்டுக் காயலுக்குப் போய்விடலாம்.

காயல் பக்கத்தில் பல இடங்களில் வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான், அலையும் குறைவு. கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்டப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். சிப்பி ஓடுகள் காலைக் கிழிக்கும் என்பதால் நீரில் அணியும் காலணி அவசியம். சூரியன் மறைவதும் இப்பக்கமே என்பதால், மாலைப் பொழுதை இங்கு ஒதுக்குங்கள். கொசு மருந்தை மறந்துவிட்டால் இந்த யோசனை முழுவதும் வீண்.

முற்பகல் பதினொன்று முதல் நான்கு வரையான வெயிலில் பெரியவர்களை மணலில் உட்கார வைக்க வேண்டாம். அந்த நேரம் கிராமத்துக்கு உரியது. வாடகை மிதிவண்டியோ, பெரியவர்களுக்குக் கோல்ஃப் வண்டியோ எடுத்துக்கொண்டு, ஓக் மரங்கள் கவிந்த ஹோவர்ட் தெருவின் மண்பாதையையும், 1823-இல் கட்டப்பட்ட வெண்ணிறக் கலங்கரை விளக்கத்தையும் பார்க்கலாம். கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. 1942 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்ட 'பெட்ஃபோர்ட்ஷயர்' கப்பலின் மாலுமிகள் நால்வர் அடக்கமான சிறு கல்லறைத் தோட்டமும் இங்குண்டு. 'கருந்தாடி' என்று பெயர்பெற்ற கடற்கொள்ளையன் எட்வர்ட் டீச் 1718 நவம்பரில் கொல்லப்பட்டது இத்தீவை ஒட்டிய நீரில்தான். அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தபடி இருக்கும் ஸ்பிரிங்கர்ஸ் பாயின்ட் காட்டுப்பாதையில் கதை சொல்லிக்கொண்டே நடந்தால் பிள்ளைகள் முணுமுணுக்காமல் வருவார்கள். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. மிதிவண்டியிலோ நடந்தோ போக வேண்டும். வேலிக்குள் பராமரிக்கப்படும் குதிரைகளைப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

நான்கில் ஒரு காலையைப் போர்ட்ஸ்மத் தீவுக்கு ஒதுக்குங்கள் என்பேன். ஒரு காலத்தில் பெரிய கப்பல்களின் சரக்கைச் சிறு படகுகளுக்கு மாற்றிய பரபரப்பான துறைமுகம் அது. கடைசியாக வாழ்ந்தவர்கள் 1971-இல் வெளியேறிய பின், தேவாலயமும் அஞ்சலகமும் ஆளில்லாமல் அப்படியே பாதுகாக்கப்படுகின்றன. ஓக்ரகோக்கிலிருந்து படகில் அழைத்துச் செல்வார்கள். குடிநீரும் உணவும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நடை அதிகம் என்பதால் மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

இரவில் கடற்கரை வானம் நன்றாக இருண்டிருக்கும். நிலவில்லாத இரவாக அமைந்தால் பதினொரு மணியளவில் தெற்கே விருச்சிகம் முழுமையாகத் தெரியும். அனுஷம், கேட்டை, மூலம் எவை என்று உங்கள் மாமனார் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். அது ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவம் என்பதால் வெள்ளை ஒளி விளக்கைப் பயன்படுத்தாதீர்கள். பகலில் தோண்டிய குழிகளையும் மூடிவிட்டுத் திரும்புங்கள்.

உணவு விஷயத்தில் தீவை நம்ப வேண்டாம். சிறிய மளிகைக் கடை உண்டு; கடலுணவு சிறப்பாகக் கிடைக்கும்; சைவ உணவுக்காரர்களுக்குத் தெரிவுகள் குறைவு. அரிசி, பருப்பு, குளிர்பெட்டியில் இட்லி மாவு ஆகியவற்றை ராலேயிலிருந்தே கொண்டுசெல்வது நல்லது. ஊரின் பெருமையான அத்திப்பழக் கேக்கில் முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தீவுக்குப் பாலம் கிடையாது. ராலேயிலிருந்து வருபவர்களுக்கு ஸ்வான் குவார்ட்டர் அல்லது சீடர் ஐலண்ட் படகுத்துறை வசதியானது. இரண்டும் கட்டணப் படகுகள், கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கோடையில் இடம் நிரம்பிவிடும் என்பதால் வண்டிக்கு இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதால், வெளியேறும்படி உத்தரவு வந்தால் வாடகைப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.