காய்ச்சல் இன்று எத்தனையாவது நாள்?

மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பொதுநல மருத்துவரின் பதில்கள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அது தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எந்தப் பரிசோதனை பலன் தரும், ஆபத்து எப்போது வரும் என்பதெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான் தெரியும்.

தாம்பரம்: டாக்டர், என் மகளுக்கு 9 வயசு, 25 கிலோ. டெங்குன்னு உறுதியாச்சு. நாலு நாளா 103 டிகிரி அடிச்சுது, இன்னைக்குக் காலைல இருந்து காய்ச்சலே இல்ல. ஸ்கூலுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் இது வரும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் போய்விடுகிறது. உள்ளே ரத்தம் கெட்டிப்படும், நாடி மெலியும். குழந்தை பேசிக்கொண்டே இருக்கும், திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கிவிடும். "ஜுரம்தான் விட்டுடுச்சே" என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் அந்த ஒரு நாளில்தான் பல குழந்தைகள் கைவிட்டுப் போகிறார்கள்.

இன்றும் நாளையும் இவற்றைக் கவனியுங்கள்: விடாத வயிற்று வலி, ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, கைகால் சில்லிடுவது. விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிறுநீர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், ராத்திரி 2 மணியாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

25 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீராகாரம் வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாந்தி இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு ஸ்பூன் போதும்.

சேலம்: என் கணவருக்கு டெங்கு. ரத்தத் தட்டணு, அதான் பிளேட்லெட், 42,000. ஏத்தணும்னு டாக்டர்ட்ட சொல்லலாமா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

ரத்தக் கசிவு இல்லாவிட்டால் 42,000க்குப் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. 10,000க்குக் கீழே இறங்கினாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோதான் அந்தப் பேச்சே வரும்.

அதே ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்கு மேலே பிசிவி அல்லது ஹீமடோகிரிட் என்று ஒரு எண் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது. அதைப் பாருங்கள். முதல் நாள் 36 இருந்தது இன்று 44 என்றால் 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, குழாய் கசிகிறது என்று பொருள். பிளேட்லெட் 90,000 இருந்தாலும் அவருக்கு உடனே நரம்பு வழித் திரவம் வேண்டும். பிளேட்லெட் 30,000 இருந்து பிசிவி ஏறாமல், நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீரும் போகிறவர் அவரைவிடப் பத்திரமாக இருக்கிறார். குழாய்க் கசிவினால் ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சிநிலைதான் டெங்குவில் பலரின் உயிரைப் பறிக்கிறது. பிளேட்லெட் எண்ணை மட்டும் துரத்தினால் அது கண்ணில் படாது. அதற்காக டிரிப்பை இஷ்டத்துக்கு ஏற்றுவதும் தவறு. கசிந்த நீர் திரும்பி ரத்தத்துக்கு வரும் நாளில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஆபத்துக் கட்டம் தாண்டியதும் இரண்டு மூன்று நாளில் பிளேட்லெட் தானாக ஏறும். பப்பாளிச் சாற்றைப் பெரும்பாலும் அந்த நாளில்தான் கொடுக்கிறார்கள், பெயர் சாற்றுக்குப் போகிறது. அந்தக் கசப்பில் வாந்தி எடுத்தால் உள்ளே போன கஞ்சியும் வீண். நான் கொடுக்கச் சொல்வதில்லை.

மதுரை: ஏழாம் நாள் என்எஸ்1 டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். அப்போ டெங்கு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. என்எஸ்1 டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடுவது, முதல் 5 நாளுக்கான பரிசோதனை. அதன் பிறகு, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பணுவைப் பார்க்கும் ஐஜிஎம் எடுக்க வேண்டும். 2ஆம் நாளில் ஐஜிஎம் எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதி அடைவதும் இதே தவறுதான்.

கடலூர்: பையனுக்கு 12 கிலோ. பாராசிட்டமால் எத்தனை மில்லி கொடுக்கணும்?

ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 15 என்று வைத்தால் 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். மில்லி எவ்வளவு என்பது பாட்டிலைப் பொறுத்தது. லேபிளில் "5 மிலியில் 120 மிகி" என்றால் 7.5 மில்லி. "5 மிலியில் 250 மிகி" என்றால் 3.6 மில்லி. சொட்டு மருந்து பாட்டிலில் "1 மிலியில் 100 மிகி" என்று இருக்கும், அதில் 1.8 மில்லிதான். சிரப் தீர்ந்துவிட்டது என்று சொட்டு மருந்தை அதே 7.5 மில்லி ஊற்றினால் 750 மில்லிகிராம் உள்ளே போகும், நான்கு மடங்குக்கு மேல். கல்லீரலைப் பாதிக்கிற தவறு இது. 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரொஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டும். இடுப்பில் ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

திருவாரூர்: ரெண்டாம் நாள் காய்ச்சல். வைடால் 1:160 பாசிட்டிவ். டைபாய்டு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ரொட்டி மட்டும்தான் சாப்பிடணுமா சார்?

வைடால் பார்ப்பது எதிர்ப்பணுவை. புதிதாக வந்த டைபாய்டுக்கு அது உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டாம் நாளே 1:160 என்றால் பழைய தொற்றோ, தடுப்பூசியோ, வேறு காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். டைபாய்டு பொதுவாக ஒரே நாளில் 104க்குப் போவதில்லை, படிப்படியாக ஏறும். நாக்கில் வெள்ளை படியும், வயிறு மந்தமாகும், காய்ச்சலின் அளவுக்கு நாடி வேகமாக இருக்காது.

சரியான பரிசோதனை பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. 2 மில்லி எடுத்தால் கிருமி அகப்படாமல் போகும். நீங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், இந்த விவரத்தோடு மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டாகவே இருந்தாலும், சரியான மருந்தில்கூடக் காய்ச்சல் இறங்க 4, 5 நாள் பிடிக்கும்.

ரொட்டிப் பத்தியம் தேவையில்லை. குழைந்த சாதம், பருப்பு, இட்லி, வேகவைத்த முட்டை எல்லாம் கொடுக்கலாம்.

ஆம்பூர்: அம்மாவுக்கு எட்டு நாளா காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்ல, மலேரியா இல்ல. நாலு நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் இறங்கல. ஆடு மேய்க்கப் போவாங்க. நேத்துல இருந்து மூச்சு வாங்குது.

இன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். "ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். புதர், புல்வெளியில் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு வகைப் பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது இது. நம் பக்கம் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம்.

உடம்பு முழுக்கத் தேட வேண்டும். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடம், காதின் பின்புறம், பிட்டம். பெண்கள் மறைவான இடத்தைக் காட்டக் கூச்சப்படுவார்கள், கேட்க மருத்துவரும் தயங்குவார், அதனாலேயே தப்பிவிடுகிறது. மகளோ மருமகளோ கூட இருந்து பார்த்துச் சொல்வது பெரிய உதவி. பொருக்கு இல்லையென்றால் நோய் இல்லை என்றாகாது. ஐஜிஎம் எலைசா எடுக்க வேண்டும்.

இந்தக் கிருமி செல்லுக்குள் புகுந்து வாழ்வது. செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகளால் பலனில்லை. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை, மாலை 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். மூச்சுத் திணறல் வந்தவர்களுக்கு நரம்பு வழியாகத் தர வேண்டும். 2023இல் வெளியான, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், தீவிர நோய்க்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தது ஒன்றை மட்டும் கொடுத்ததைவிட நல்ல பலன் தந்தது.

டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும்.

யாழ்ப்பாணம்: டொக்டர், அப்பா வயல் செய்யிறவர். வெள்ளம் வடிஞ்சாப் பிறகு வயலுக்க இறங்கினவர். இப்ப அஞ்சு நாளாக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவில நடக்கேலாமக் கிடக்கிறார். கண்ணும் சிவந்துபோச்சு. கண்நோயோ?

கண்நோய் என்றால் பீளை வரும். பீளையில்லாத சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கும் வலி, வெள்ள நீரில் நின்ற கதை மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல்தான் முதல் சந்தேகம். 2024 டிசம்பரில் உங்கள் பக்கம் வெள்ளத்துக்குப் பின் உயிர்களைப் பறித்ததும் இதுதான். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி ஏறும். 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும்வரை சிறுநீரை அளந்து வையுங்கள்; ஒரு நாளில் 400 மில்லிக்குக் குறைந்தால் சிறுநீரகம் அடிபடுகிறது. கண் மஞ்சளானாலும், சளியில் ரத்தம் வந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். வயலில் கூட இறங்கியவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தடுப்புக்கான டாக்சிசைக்ளின் கேளுங்கள்: வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம், வயல் வேலை முடியும்வரை.

திண்டுக்கல்: சிக்குன்குனியா வந்து ஒரு மாசமாச்சு. காலைல எந்திரிச்சா விரலை மடக்க முடியல.

மணிக்கட்டு, விரல், கணுக்கால் வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். வெந்நீர் ஒத்தடமும் லேசான விரல் பயிற்சியும் உதவும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டுவாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சென்னை ராயபுரம்: மார்ச்சில் வைவாக்ஸ் மலேரியா, மருந்து சாப்பிட்டுச் சரியாச்சு. இப்போ மறுபடியும் அதே குளிர். கொசு மறுபடி கடிச்சுதா?

கடித்திருக்கலாம். ஆனால் மலேரியாவில் ஒரு வகையான வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழுந்து வரும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதை மட்டுமே கொல்லும். உறங்குவதைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின் வேண்டும். நடுங்கும் நேரத்தில் ரத்தப் பூச்சு, அதாவது ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிக் கிருமியைத் தேடும் பரிசோதனை, எடுங்கள். நெகட்டிவ் வந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடியும் எடுங்கள். பிரைமாகுயின் தொடங்கும் முன் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்க வேண்டும், குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் சிதையும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது. மாத்திரை நாட்களில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.